எல்லா வீட்டுக்கும் ஒரே நம்பர்

1. மாடி காலியாகிறது

அந்தத் திங்கட்கிழமை காலை ஜி.எம். எங்கள் எல்லோரையும் டேஸ்டிங் ரூமுக்கு வரச் சொன்னார். ஃபேக்டரிகள் அனுப்பும் தேயிலை மாதிரிகளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்துச் சுவைத்துத் தரம் பார்க்கிற அறை அது. கேட்டலாக் செக்‌ஷன்காரர்களுக்கும் கம்ப்யூட்டர்காரனான எனக்கும் அங்கே வேலையே கிடையாது. உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது நீள மேஜைதான். ஒரு காலத்தில் கோப்பை வைக்க இடம் போதாமல் இரண்டு வரிசையாக அடுக்குவார்கள். அன்றைக்கு மேஜையில் பாதி காலியாக இருந்தது.

எங்களுடையது குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் கம்பெனி. ஃபேக்டரிகளின் தூளை ஏலத்துக்குக் கொண்டுபோவது எங்கள் தொழில். நான் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். டெலக்ஸ் போய், ஃபேக்ஸ் வந்து, அதுவும் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, ‘கனகராஜுக்கு மெஷின்னா பயமில்லை’ என்ற ஒரே தகுதியில் சிஸ்டம் இன்சார்ஜ் ஆனேன். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கே போதவில்லை என்று சிறு விவசாயிகள் இலையைப் பறிக்காமலே விட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. ஃபேக்டரிகள் ஒன்று மாற்றி ஒன்று மூடின. ஏலத்துக்குப் போன லாட்டுகள் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தன.

ஜி.எம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோயமுத்தூர்க்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“மாடியக் காலி பண்றமுங்க. சர்வர் கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ் போயிருது. கேட்டலாக் வேலையும் அங்கதான். வர்றவங்க வரலாம். வர முடியாதவங்களுக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்தர்லாம். இன்னொரு வழியும் இருக்குதுங்க. ஊட்டுல இருந்தே வி.பி.என்.ல வேலை செய்யறவங்க செய்யலாம். ஆனா ஒரு மாசத்துக்குள்ள ஊட்டுல இருந்து லாகின் பண்ணி, ஒரு கேட்டலாக் முழுசாப் போட்டுக் காட்டோணும். காட்டினா வேலை இருக்கும். கனகராஜ், அது உங்க பொறுப்புங்க.”

வி.பி.என். என்பது வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு, இணையத்துக்குள்ளேயே போடுகிற தனிப்பாதை. பாதை சரியாக விழுந்தால், வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஆபீஸ் மேஜையில் இருக்கிற மாதிரிதான். அன்றைக்கு எங்கள் மலையில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். நானும் பார்த்ததில்லை. பார்த்த மாதிரி தலையாட்டினேன்.

வீட்டிலிருந்து செய்கிறேன் என்று கை தூக்கியவர்கள் இரண்டே பேர். கேத்தி தேவராஜ், கோத்தகிரி யோகமலர்.

2. நான் வைத்த ஒழுங்கு

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

அதற்கு முந்திய சில வருடங்களாக, எங்களுக்குத் தூள் அனுப்புகிற ஃபேக்டரிகளுக்கெல்லாம் நான்தான் இணைய இணைப்பு செட் பண்ணிக் கொடுத்தேன். மூலைக்கு ஒரு ஃபேக்டரி. காலை பஸ்ஸை விட்டால் மாலை பஸ். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் போனில்தான் சரி பண்ண வேண்டும். அதனால் ஒரு ஒழுங்கு வைத்தேன். எந்த இடமாக இருந்தாலும் ரவுட்டரின் நம்பர் 192.168.1.1. இரண்டிலிருந்து ஒன்பது வரை பிரிண்டர் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு. கம்ப்யூட்டர்களுக்குப் பத்திலிருந்து ரவுட்டரே வரிசையாகக் கொடுக்கும். முதல் கம்ப்யூட்டர் எங்கேயும் 192.168.1.10.

இதன் சௌகரியம் பிரமாதம். எந்த ஃபேக்டரி கிளார்க் கூப்பிட்டாலும் டைரியைப் புரட்ட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பரைச் சொல்லலாம். அவர்கள் “ஏனுங்ணா, இது எதுக்குங்க?” என்று ஆரம்பித்தால், “கேக்காதீங்க, சொன்னத அடிங்க” என்பேன். ட்ரங்க் கால் காலத்து ஆள் நான். போனில் விளக்கம் சொல்லுவது எனக்குப் பிடிக்காது. என் எதிரிலேயே என்னை ‘அடிங்கண்ணன்’ என்று கூப்பிட்ட கிளார்க்குகளும் உண்டு. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸிலும் அதே ஒழுங்குதான். முதல் கம்ப்யூட்டர் சர்வர். ஆகவே சர்வர் 192.168.1.10. அதைக் கழற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் மாட்டியதும் நான்தான். ஓடுகிற மெஷினை எதற்கு நோண்ட வேண்டும் என்று நம்பரை மாற்றாமல் அப்படியே விட்டேன்.

3. கேத்தியில் ஒரு மத்தியானம்

தேவராஜ் இன்வாய்ஸ் பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். அப்பாவுக்குக் கேத்தியில் கொஞ்சம் காரட் தோட்டம். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோயமுத்தூரில் வாடகைக்குக் குடியேறுகிற நிலைமையில் அவன் இல்லை. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரையும் வயர்லெஸ் ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

முதலில் வி.பி.என். இணையவே இல்லை. பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றது. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், வி.பி.என். கடந்து போக அனுமதி கொடுக்கிற இடத்தில் டிக் இல்லை. போட்டதும் இணைந்தது. தேவராஜின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்து சர்வர் கிடைக்கிறதா என்று பார்க்கப் ‘பிங்’ கொடுத்தேன். ஒரு நம்பரைக் கூப்பிட்டு ‘இருக்கிறாயா’ என்று கேட்பதுதான் பிங். அந்தப் பக்கம் இருந்தால் பதில் வரும். வர எவ்வளவு நேரம் ஆனது என்பதும் திரையில் விழும். 192.168.1.10 என்று அடித்தேன். பதில் வந்தது. நான்கு முறை கேட்டேன், நான்கு முறையும் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு.

“சர்வர் பேசுதுடா!” என்றேன்.

ஆனால் கேட்டலாக் சாஃப்ட்வேரைத் திறந்தால் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்றது. மறுபடி பிங். பதில் டாணென்று வருகிறது. மறுபடி லாகின். சர்வர் கிடைக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. குன்னூர் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. நான் டைரியில் எழுதினேன்: ‘ரிப்ளை ஓகே. ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. லாகின் இல்லை. லைன் வீக்.’

“லைன் மோசம்டா. மறுபடி ஒரு நா வந்து பாக்கறேன்” என்றேன்.

தேவராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். “சரிங்ணா” என்றான்.

நான் மறுபடி போகவில்லை. அடுத்த வாரமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அவனுக்கு ஆள் வந்தது. உடனே சேர வேண்டும் என்றார்கள். லைன் எப்போது சரியாகும் என்று என்னிடம் கேட்டான். “டெலிபோன்காரங்க கையிலதான் இருக்குது” என்றேன். கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

4. குறுக்குச் சந்தும் குரங்குகளும்

யோகமலர் கேட்டலாக் செக்‌ஷனில் இருந்தவள். எந்த ஃபேக்டரியின் எந்தத் தூள், எத்தனை மூட்டை, என்ன கிரேடு என்று லாட் வாரியாகப் போடுகிற பட்டியல்தான் கேட்டலாக். ஏலத்தில் வாங்குகிறவர்கள் அதை வைத்துத்தான் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு எழுத்துப் பிசகாமல் அடிப்பாள்.

கோத்தகிரி தாண்டி, சிலோனிலிருந்து வந்தவர்களுக்கான குடியிருப்பில் அவள் வீடு. இரண்டே அறை. அப்பா இல்லை. அம்மா லெட்சுமி எஸ்டேட்டில் தினக்கூலி. அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் அவருக்கு வேலை கொடுத்தார்கள். தம்பி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். யோகமலரின் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அதே சம்பளத்தில் கோயமுத்தூரில் இன்னொரு குடித்தனம் முடியாது. வி.பி.என். ஓடவில்லை என்றால் அவளுக்கும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலைதான். அதுவும் மூன்று நாள்.

அவர்களுக்குப் போன் இல்லை. கேட்டால் லைன் காலியில்லை என்று பதில். எதிர்வீட்டு சுசீலா டீச்சர் வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது. பெங்களூரில் இருக்கிற மகன் லீவுக்கு வந்தபோது போட்டது. அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனதும் சும்மா கிடந்தது. “புள்ளை வேலைக்கு ஆகும்னா எடுத்துக்கட்டும் சார்” என்றார் டீச்சர்.

நடுவில் ஒரு சந்துதான். கம்பி இழுத்துவிடலாம் என்று முதலில் இழுத்தேன். இணைத்துப் பார்ப்பதற்கு முன்பே, இரண்டாம் நாள், குரங்குகள் ஊஞ்சலாடி அறுத்துவிட்டன. அதன் பிறகுதான் வயர்லெஸ். ரவுட்டரை டீச்சர் வீட்டு ஜன்னலில் வைத்தேன். யோகமலர் வீட்டு ஜன்னலோரம் கம்ப்யூட்டர். சிக்னல் நன்றாகவே வந்தது.

டிக் போட வேண்டிய இடத்தில் டிக் போட்டேன். வி.பி.என். இணைந்தது. பிங் கொடுத்தேன். பதில் வந்தது. கேட்டலாக் திறந்தேன். சர்வர் கிடைக்கவில்லை.

கேத்தியில் பார்த்த அதே கோளாறு. இந்த முறை லைன் வீக் என்று எழுதிவிட்டு எழுந்து போக முடியவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரவுட்டரை ஒதுக்கிவிட்டு மோடத்தில் நேராகக் கம்பி போட்டேன். ஒரே தட்டில் கேட்டலாக் திறந்தது! ஆக லைன் சரி. சர்வர் சரி. பாஸ்வேர்ட் சரி. ரவுட்டர் வழியாகப் போனால் மட்டும் படுக்கிறது.

யோகமலர் கேட்டாள். “ஏனுங்ணா, பிங்குக்குப் பதில் வருது, லாகினுக்கு மட்டும் எப்படிங்க வராது?”

“பிங்குங்கறது சின்னப் பொட்டணம். லாகின் பெரிய மூட்டை. வயர்லெஸ்ல சின்னது போகும், பெருசு போகாது” என்றேன்.

அப்படி ஒரு கோளாறு நிஜமாகவே உண்டு. அதனால்தான் என் மூளை அதில் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டையின் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் போனது. ரவுட்டரை ஜன்னலில் இடம் மாற்றினேன். சேனலை மாற்றினேன். மலையில் மூடுபனி இறங்கினால் சிக்னல் நனைந்துபோகும் என்று டீச்சரிடம் ஒரு கதைகூடச் சொன்னேன். அவர் அறிவியல் டீச்சர். மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்.

“அண்ணா, ஒரு மில்லி செகண்டுக்கும் கீழன்னு வருதே...” என்று யோகமலர் இன்னொரு தடவை ஆரம்பித்தாள்.

“கேள்வி கேட்டுட்டே இருந்தா நான் வேலை பாக்கறதா, பதில் சொல்றதா?” என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜி.எம்.முக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். ‘மேற்படி வீட்டிலிருந்து வி.பி.என். மூலம் பணிபுரிய டெக்னிகலாக வாய்ப்பில்லை.’ கையெழுத்து, தேதி. திங்கட்கிழமை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். யோகமலரிடம் நானே சொன்னேன். அவள் “சரிங்ணா” என்று சொல்லிவிட்டுத் தன் மேஜை டிராயரைத் துடைக்கப் போய்விட்டாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

5. அஞ்சாம் நம்பர் லயம்

சனிக்கிழமை நான் மறுபடியும் கோத்தகிரி போனேன். மனசு கேட்காமல் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கேபிளுக்கு முனை போடுகிற என் கிரிம்பிங் டூலை அங்கே மறந்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறொரு இடத்தில் அது தேவைப்பட்டது.

அன்றைக்கு லெட்சுமி அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். வீட்டில் இருந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. சீனி போடாத கறுப்புத் தேநீரும் கையில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்.

“வேல ஆகாதுன்னு புள்ள சொல்லுச்சு தம்பி. என்னா கோளாறு அதுல?”

எல்லோரும் என்னைச் சார் என்றோ அண்ணா என்றோ கூப்பிட்டுப் பயப்படுவார்கள். இவருக்கு என்னிடம் பயப்படக் காரணம் ஒன்றும் இல்லை. தேநீர் சூடாக இருந்தது, குடித்து முடிக்க நேரம் பிடிக்கும். சரி என்று சொன்னேன். “கோயமுத்தூர்ல ஒரு மெஷின் இருக்குதுங்கம்மா. இங்கிருந்து கூப்பிட்டா இருக்கேன்னு பதில் சொல்லுது. ஆனா கதவத் தெறக்க மாட்டேங்குது.”

“பதில் சொல்றது அந்த மெஷினுதான்னு எப்படித் தெரியும்?”

“அதோட நம்பர் எனக்குத் தெரியுமுங்க. நான் வெச்ச நம்பர். எங்க போனாலும் மொத மெஷினுக்கு அதே நம்பர்தான். ஃபேக்டரி, ஆபீஸ், ஊடு எல்லாத்துக்கும் ஒரே ஒழுங்கு.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

லெட்சுமி அம்மா சிரித்தார்.

“எல்லா வூட்டுக்கும் ஒரே நம்பரா? நல்ல கூத்து தம்பி. சிலோன்ல எங்க தோட்டத்துல மேக்கணக்கு, கீழ்க்கணக்குன்னு ரெண்டு பிரிவு. ரெண்டுலயும் லயத்துக்கு, அதான் நாங்க குடியிருந்த வரிசை வூடுகளுக்கு, ஒண்ணுல இருந்து நம்பர் போட்டிருப்பானுக. நாங்க மேக்கணக்கு, அஞ்சாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா, அதாவது மூணாவது அறை. எங்க அக்காவக் கட்டிக் குடுத்தது கீழ்க்கணக்குல. அதுவும் அஞ்சாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா. நான் ஒருக்கா அக்காவுக்குச் சீட்டு எழுதி, அஞ்சாம் லயம் மூணாம் காம்பரான்னு மட்டும் போட்டு, தோட்டத்துத் தபால்காரன்கிட்டக் குடுத்தேன். அவன் நாலடி நடந்து போயி, திரும்பி வந்து, அதை எங்க காம்பரா வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான். நான் எழுதுன சீட்டு எனக்கே வந்துச்சு!”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். யோகமலர் என்னைப் பார்த்தாள். அவள் கேட்க வந்ததும் இதுதான் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது.

“கம்ப்யூட்டரைப் போடும்மா” என்றேன்.

வி.பி.என்.னை இணைக்கவே வேண்டாம் என்றேன். பாதையே இல்லாமல், வெறுமனே 192.168.1.10-க்குப் பிங் கொடுக்கச் சொன்னேன். பாதை இல்லாவிட்டால் கோயமுத்தூரிலிருந்து பதில் வர வழியே கிடையாது.

பதில் வந்தது. நான்கு முறை. ஒவ்வொன்றும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு.

அவளுடைய கம்ப்யூட்டரின் சொந்த நம்பர் என்ன என்று பார்த்தேன். 192.168.1.10. அந்த வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அது. என் ஒழுங்குப்படி அதற்குப் பத்தாம் நம்பர். இத்தனை நாளாக அந்தக் கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மோடத்தில் நேராகக் கம்பி போட்டபோது மட்டும் அதற்கு ரவுட்டர் கொடுத்த நம்பர் இல்லை. அதனால்தான் அன்றைக்கு நிஜமான சர்வரிடம் போய்ச் சேர்ந்தது.

ரவுட்டருக்குள் போய் நடுவில் இருந்த ‘1’ஐ எடுத்துவிட்டு ‘5’ போட்டேன். 192.168.5.1. வேறு எந்த நம்பர் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அஞ்சாம் லயம் காதில் இருந்ததால் அஞ்சு. ரவுட்டரை அணைத்துப் போட்டோம்; அவள் கம்ப்யூட்டரின் நம்பரும் 192.168.5.10 ஆனது. வி.பி.என். இணைத்தோம். பிங் கொடுத்தோம். இந்த முறை பதில் சற்றுத் தயங்கி வந்தது. எழுபது, எண்பது மில்லி செகண்ட். மலை இறங்கிப் போய் மேலே வருகிற நேரம்.

கேட்டலாக் திறந்தது. லாட் நம்பர்கள் வரிசையாக இறங்கின. யோகமலர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு லாட்டை அடித்துச் சேமித்தாள். திரும்பத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

6. ரிப்போர்ட்டைக் கிழிப்பது

டீச்சர் வீட்டுப் போனிலிருந்து ஜி.எம்.மைக் கூப்பிட்டேன்.

“சார், அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்ருங்க. யோகமலர் ஊட்டுல ஓடுதுங்க.”

“அப்படீங்களா! லைனைச் சரி பண்ணீட்டாங்களா?”

“லைன் எப்பவும் சரியாத்தானுங்க இருந்துச்சு. தப்பு நான் குடுத்த நம்பர்லீங்க. ஆபீசுக்கும் ஊட்டுக்கும் ஒரே நம்பரக் குடுத்துட்டனுங்க.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க கனகராஜ், அப்ப தேவராஜ் ஊட்டுலயும் அதே நம்பர்தானுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

“அவன் கணக்கு முடிச்சாச்சுங்களே” என்றார். “எடத்தையும் ஹெட் ஆபீஸ்ல எடுத்துட்டாங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். கேத்திப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. ரிப்ளை ஓகே. ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. கேத்தியிலிருந்து கோயமுத்தூர் போய்த் திரும்பி வர அந்த நேரம் போதாது என்பது தெரியாதவனல்ல நான். தெரிந்தும், என் கையாலேயே எழுதியும், அதைப் படிக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். ‘ஓகே’ என்று எழுதினேன். பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை யோகமலர் வீட்டிலிருந்தே ஒரு கேட்டலாக் முழுவதையும் போட்டாள். ஹெட் ஆபீஸில் சரி பார்த்தார்கள். ஒரு தப்பும் இல்லை. அவள் வேலை நிலைத்தது. தம்பி படிப்பை முடித்தான். நான் ஓய்வு பெறுகிறவரை அந்த ஜன்னலோரத்திலிருந்துதான் கேட்டலாக் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு எல்லா ஃபேக்டரிக்கும் ஒவ்வொன்றாகப் போய் நம்பரை மாற்றினேன். ஒன்றுக்கொன்று இடிக்காமல் இடத்துக்கு ஒரு நம்பர். போனில் பேசும்போது டைரியைப் புரட்ட வேண்டியிருந்தது. புரட்டினேன்.

7. மேட்டுப்பாளையத்தில்

தேவராஜை மறுபடி பார்த்தது சில வருடங்கள் கழித்து, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில். ஊருக்கு வந்துவிட்டுத் திருப்பூர் திரும்பிக்கொண்டிருந்தான். நரை விழுந்திருந்தது. குழந்தை ஸ்கூலுக்குப் போகிறாள் என்றான். அவளும் அவள் அம்மாவும் கேத்தியில், இவன் மட்டும் திருப்பூரில் ஒரு ரூமில். மாதம் ஒரு தடவை வருவானாம்.

எனக்கு அடக்கி வைக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். லைன் வீக் இல்லை, நம்பர்தான் தப்பு, ஒரு எண்ணை மாற்றியிருந்தால் போதும், உன் வேலை இருந்திருக்கும் என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை ஆபீஸில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

“நானும் அன்னைக்கே நெனச்சனுங்ணா. நம்ம ஊட்டுல இருந்து கோயமுத்தூர் போயிட்டு அத்தனை வெசயா எப்படித் திரும்பி வரும்னு. கேக்கலாம்னுதான் இருந்தனுங்க.”

“கேட்டிருக்கலாமேடா!”

“கேள்வி கேட்டா நீங்க திட்டுவீங்களேங்ணா” என்று சிரித்தான். திருப்பூர் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறினான்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் வந்து, எந்த கோர்ஸ் படிக்கலாம், எந்த சர்ட்டிஃபிகேட் நல்லது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலையை முடித்துவிட்டு டூல்களைப் பைக்குள் போடுவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு தடவை திரும்புங்கள். “உங்களுக்கு ஏதாச்சும் சரியாப் படலீங்களா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்கிறவரை பஸ் போனாலும் பரவாயில்லை என்று நில்லுங்கள்.